அஞ்சுக்கு ஒண்ணே முக்கால் ஸ்டார்

பாத்தீங்களா தம்பி, இந்த டிரைவரு இப்ப ஒரு பிரேக்கு போட்டான் பாருங்க. முன்னாடி ஒரு ஆடுகூட இல்லைங்க. சும்மா கால் அரிக்குதுன்னு போடறான். இவனுக்கு எத்தனை ஸ்டார் குடுப்பாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்குமுங்க. எனக்குக் குடுத்தது ஒண்ணே முக்கால். அஞ்சுக்கு ஒண்ணே முக்கால். பல்லி விழுந்த சாம்பார் ஊத்தற ஓட்டலுக்கே ரெண்டு போடறாங்களாமா.

நான் யாருன்னு சொல்லிடறனுங்க. பேரு நாச்சிமுத்து. முப்பது வருசத்துக்கு மேல பஸ் ஓட்டுனவன். மரகதவள்ளி பஸ் சர்வீஸ், திருப்பூர்ல இருந்து பழனி, தாராபுரம் வழி. இந்த ரோடு பூராவும் என்ற காலுக்குத் தெரியுமுங்க. கண்ணு பாக்கறதுக்கு முந்தியே காலு பாத்துரும். என்ற வண்டியில ஒரு உசுரு போனதில்லை. கோழி நாலஞ்சு போயிருக்கும், அது கோழி தப்பு. அப்பிடிப்பட்டவனுக்குச் சக்கரை கண்ணுல எறங்குச்சுன்னு மொதலாளி சாவியை வாங்கிக்கிட்டாரு. வாங்கிட்டு ஒரு சால்வை போத்துனாரு. சாவிக்குச் சால்வை. சரி, அதை விடுங்க.

ஊட்டுல உக்காந்தா மனுசன் என்னங்க பண்ணுவான்? சோத்துக்கு உக்காந்தா காலு தானாப் போயி கிளச்சைத் தேடுது. குக்கர் விசில் அடிச்சா கண்டக்டர்னு நெனச்சு எந்திரிக்கறேன். என்ற ஊட்டுக்காரி மயிலாத்தா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு மகளுக்குப் போனைப் போட்டா. "உங்கப்பன வெச்சுக்கிட்டு என்னால ஆவாது சாமி, என்னமாச்சும் பண்ணு"ன்னு சொன்னது எனக்கே கேட்டுதுங்க. மக சுகந்திக்கு ஓசூர்ல வேலை. அவதான் ஒரு கம்ப்யூட்டரும் அதோட ஒரு ஸ்டீயரிங்கும் வாங்கியாந்து மேசையில முடுக்கி வெச்சா. நெசமான ஸ்டீயரிங்காட்டவே இருக்குது. கீழ பிரேக்கு, கிளச்சு, ஆக்சிலேட்டரு எல்லாம் உண்டு. பஸ் ஓட்டற கேமு.

மொதல்ல நான் சிரிச்சனுங்க. புலிக்குப் பூனைப் பொம்மையான்னேன். அப்பறம் திரையைப் பாத்தா, நம்ம ரோடு! திருப்பூர்ப் பசங்க நாலு பேரு சேந்து இந்த ரூட்டை அப்பிடியே வரைஞ்சு வெச்சிருக்கறாங்க. கொடுவாய் ஸ்பீடு பிரேக்கரு இருக்குது. தாராபுரம் பஸ் ஸ்டாண்டு இருக்குது, அதுல மூக்கைப் பொத்திக்கிட்டுப் போற அந்தச் சந்துகூட இருக்குது. எங்க ஊரு வேலாங்காட்டுப்பாளையத்து மேடு இருக்குது. ஹாரனும் நம்ம ஏர் ஹாரன்தான். ஒருக்கா அடிச்சனுங்க. பக்கத்து ஊட்டு எருமை கவுத்தை அத்துக்கிட்டு ஓடிப்போச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. எருமைக்கு இல்லைங்க, சந்தோசத்துல.

அன்னையில இருந்து காலையில ரெண்டு நடை, பொழுதோட ரெண்டு நடை. காக்கிச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் ஓட்டறது. மயிலாத்தா காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு வேலை பாத்தா. ஆளுக்கொரு பொழப்புன்னு நல்லாத்தான் போயிட்டிருந்துது.

இப்ப கதைக்குள்ள நம்ம சகலை வர்றாருங்க. என்ற கொழுந்தியா ஈஸ்வரி ஊட்டுக்காரரு, சண்முகவடிவேலு. பத்திர ஆபீசுல இருந்து ரிட்டையரானவரு. அவரு வாழ்க்கையில ஓட்டுனது ஒரு மொபெட்டு. அதையும் எறக்கம் வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டு வர்ற ஆளு. மேட்டுல இல்லைங்க, எறக்கத்துல! எங்க ஊட்டுக்கு வந்தவரு நான் ஓட்டறதைப் பாத்துட்டு, "நல்ல பொழுதுபோக்கா இருக்குதுங்களே சகலை"ன்னாரு. போயி அதே ஸ்டீயரிங்கு, அதே கேமு வாங்கிட்டாரு. கிளச்சை எப்ப மிதிக்கோணும், கியரை எப்ப மாத்தோணும்னு போன் பண்ணிப் பண்ணிக் கேட்டதுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தனுங்க. அது ஞாபகம் இருக்கட்டும்.

போன தை மாசம் தாராபுரத்துல அவிய புது ஊட்டுக்குப் பால் காய்ச்சுனாங்க. மயிலாத்தா ஒத்தாசைக்குன்னு முந்துன நாளே போயிட்டா. ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவும் வந்திருந்துது. கூடத்துல டீவின்னு ஒண்ணு மாட்டியிருந்தாங்க, சுவத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியலை. சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் வெத்தலையோட உக்காந்திருக்கறப்ப சகலை ஆரம்பிச்சாரு.

"சகலை, ஒரு வெப்சைட்டு இருக்குதுங்க. கேமுல நம்ம வெச்சிருக்கற பேரை அடிச்சாப் போதும். எத்தனை மணி நேரம் ஓட்டுனோம், எத்தனை கிலோமீட்டரு, எங்க பிரேக்கு போட்டோம், ஏறுன சனம் நம்மளைப் பத்தி என்ன நெனைக்குது, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சிருது."

நான் என்ன நெனச்சேன்? நம்ம பெருமையை நாலு பேரு பாக்கட்டுமேன்னு நெனச்சேன். "போடுங்க சகலை, டீவியிலயே பெருசாப் போடுங்க"ன்னு சொன்னது யாருங்கறீங்க? நான்தானுங்க.

மொதல்ல அவரு பேரைப் போட்டாரு. ஓட்டுன மணி நேரம் என்னுதுல பாதிகூட இல்லை. தினமும் லேட்டு. சராசரி வேகம் மாட்டு வண்டிக்குக் கொஞ்சம் மேல. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துது. கடைசியில வந்துது பாருங்க, பயணிகள் மதிப்பு: அஞ்சுக்கு நாலே முக்காலுக்கு மேல. எல்லாரும் கை தட்டுனாங்க. சரி, லேட்டா ஓட்டறவனுக்கே இத்தனைன்னா நமக்கு அஞ்சையும் தாண்டிப் போகும்போல, எப்பிடிக் காட்டுவாங்களோன்னு ரோசனை பண்ணிக்கிட்டு இருந்தனுங்க.

என்ற பேரை அடிச்சாரு. டைமிங்கு நூத்துக்கு நூறு. "பாத்துக்குங்க"ன்னேன். அதுக்குக் கீழ ஹாரன். உலகம் பூராவும் இந்தக் கேமை ஆடறவங்கள்ல ஹாரன் அடிக்கறதுல நான் ரெண்டாவது ஆளாமா. மொத ஆளு யாருன்னு பாக்கறதுக்குள்ள சகலை கீழ எறக்கிட்டாரு. திடீர்னு பிரேக்கு போட்டது, ஆளு ஏர்றதுக்கு முந்தி எடுத்தது, படியில நிக்கறப்ப வளைச்சது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு செவப்பா உச்சிக்கு ஏறுது. அப்பறம் அந்த ஸ்டாரு. ஒண்ணே முக்கால்.

கூடமே சிரிச்சுதுங்க. என்ற சித்தப்பா மகன் ஒருத்தன், வெத்தலை எச்சை சட்டையில ஒழுகறதுகூடத் தெரியாம சிரிக்கறான். "மச்சான், அந்த முக்கால் எதுக்குக் குடுத்தாங்கன்னு கேளுங்க"ன்னு ஈஸ்வரி சொல்றா.

நான் விடலை. எந்திரிச்சு நின்னு சொன்னனுங்க. "இந்தக் கம்ப்யூட்டருக்கு என்னங்க தெரியும்? பின்னாடி ஒரு வண்டி கொம்பை ஆட்டிக்கிட்டு வருது. தாராபுரத்துல டைம் கீப்பரு கடியாரத்தைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறான். ஒத்த ஆளுக்காக நிறுத்துனா, அந்த ஆளு பையைத் தூக்கி, சேலையைச் சேத்தி, படியில ஒரு காலு வெச்சு, இது பழனி போவுங்களான்னு கேட்டு, அப்பறம் போகாதுங்களான்னு கேட்டு... அதுக்குள்ள பின்னாடி வண்டி பழனிக்கே போயிருவான். எறங்கறவங்களுக்குக் கண்டக்டரு விசில் அடிப்பாரு, நிறுத்தித்தான் ஆவோணும். ஏர்றதுக்கு நிக்கறவங்களுக்கு யாருங்க விசில் அடிக்கறது?"

நியாயந்தானுங்க? நீங்களே சொல்லுங்க. சரி, அப்பறமாச் சொல்லுங்க.

சகலை அடுத்த பக்கத்தைத் தட்டுனாரு. ரூட்டு பூராவும் படமா வந்துது. அம்மை போட்ட மூஞ்சியாட்டச் செவப்புப் புள்ளி. மயிலாத்தா அது வரைக்கும் ஒரு மூலையில உக்காந்து தாம்பூலப் பையில வாழைப்பழம் போட்டுக்கிட்டு இருந்தா. அவ சிரிக்கலைங்க. எந்திரிச்சு டீவிகிட்ட வந்தா.

"தம்பி, இந்தச் செவப்பெல்லாம் என்னதுங்க?"ன்னு சகலையைக் கேட்டா.

"அதெல்லாம் சகலை நிறுத்தாமப் போன ஸ்டாப்புங்க அக்கா. புள்ளி எத்தனை பெருசோ, அத்தனை தடவை நிறுத்தாமப் போயிருக்கறாருன்னு அர்த்தம்."

அவ வெரலை எடுத்து, எல்லாத்துலயும் பெரிய புள்ளி ஒண்ணு இருந்துது பாருங்க, அது மேல வெச்சா. "இது நம்மூரு மேடுதானுங்க?"ன்னு என்னையப் பாத்துக் கேட்டா.

அது எங்க ஊரு மேடுதான். அந்த மேட்டுல நிறுத்துனா வண்டி மறுபடி வேகம் புடிக்க நேரமாவும், அதனால அங்க நிறுத்தறதில்லை. வண்டியில இருந்தப்பவும் அப்பிடித்தான், கேமுலயும் அப்பிடித்தான். பழக்கமுங்க.

"நல்லாத்தான் கண்டுபுடிச்சிருக்குது"ன்னா மயிலாத்தா. "சுகந்திப் பாப்பாவுக்குக் காச்சல் வந்தப்ப எல்லாம் தூக்கிக்கிட்டு இங்கதான நின்னேன்."

எனக்குப் புரியலைங்க. "ஏ புள்ள, என்ன பேசற? நீ என்னையப் பாக்கறதுக்குத்தான ஸ்டாப்புக்கு வந்து நிப்ப?"

"உங்களையப் பாக்கறதுக்கா?"

"கை காட்டுவியே!"

"பஸ்ஸை நிறுத்தறதுக்குக் கையைக் காட்டாம வேற எதைக் காட்டறது?"

சனம் மறுபடி சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரலை. தம்பி, நான் அந்த மேட்டைத் தாண்டறப்ப எல்லாம் அவளுக்குன்னு ஒரு ஹாரன் வெச்சிருந்தனுங்க. மூணு இழுப்பு. வேற எந்த ஊருலயும் அடிக்க மாட்டேன். பாப்பாவும் கூட நின்னு கை காட்டுனா இன்னொரு இழுப்பு சேத்தி அடிப்பேன். கண்டக்டர் வெங்கிட்டானைக் கேளுங்க. "அண்ணா, அண்ணி உங்களைப் பாக்காம இருக்க மாட்டாங்கபோல"ம்பான். எனக்கு நெஞ்சு நெமுந்துக்கும். எந்த டிரைவருக்கு இப்பிடிப் பொண்டாட்டி அமையும், வெயில்ல கால் கடுக்க நின்னு பாத்துட்டுப் போறாளேன்னு.

"அந்த ஹாரன் உனக்குத்தான் அடிச்சேன்"னு சொன்னேன். எல்லாரு முன்னாலயும் சொன்னேன், வெக்கத்தை விட்டு.

"கேட்டுதுங்க. பாப்பா பயந்து அழுவா. அதுக்கப்பறம் கவருமெண்டு பஸ்ஸு வர்ற வரைக்கும் நிப்போம்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்க. டைமிங்குன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க."

சிரிச்சுக்கிட்டு இருந்த சனம் ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. நான் கடைசியா ஒண்ணு கேட்டேன். அவ என்ற வண்டியில ஏறுனதே இல்லை. டிரைவரு பொண்டாட்டி ஓசியில வர்றான்னு யாரும் ஒரு பேச்சுப் பேசிறக்கூடாதுன்னு அவ அப்பிடி இருக்கறான்னு நெனச்சிருந்தேன். ஊரு பூராவும் அப்பிடித்தான் பெருமையாச் சொல்லி வெச்சிருந்தேன். "அதுவும் இல்லையா?"ன்னு கேட்டேன்.

"நிறுத்துனாத்தானுங்க ஏர்றதுக்கு"ன்னா.

அவ்வளவுதான். போயி மறுபடி வாழைப்பழம் போட ஆரம்பிச்சுட்டா. சாயங்காலம் கெளம்பறப்ப, "நீங்க போங்க, நான் நாலு நாளு தங்கச்சிகூட இருந்துட்டு வர்றேன்"னு சொல்லிட்டா.

தப்பு யாரு மேல? அந்த வெப்சைட்டு மேலதானுங்க. முப்பது வருசமா இல்லாத பிரச்சினையை ஒரு படத்தைப் போட்டுக் கெளப்பி விட்டுருச்சு. மகளைக் கூப்பிட்டு, நான் சொல்றதை அப்பிடியே அவங்களுக்கு எழுதுன்னேன். இன்ன மாதிரி, நீங்க பஸ்ஸு ஓட்டியிருக்கறீங்களா, டீசல் என்ன வெலை தெரியுமான்னு நல்லாக் கேட்டு எழுதச் சொன்னேன். பதில் வந்துது. உங்கள் கருத்துக்கு நன்றின்னு ஒரு வரி. இந்தப் பதிலுக்கு எத்தனை ஸ்டார் தருவீங்கன்னு கேட்டு இன்னொரு வரி. ஒண்ணு போட்டனுங்க. முக்காலெல்லாம் நம்ம சேத்திப் போட முடியாது.

நாலு நாளு பத்து நாளாச்சு, அவ வரலை. ஊட்டுல நானும் கம்ப்யூட்டரும். சரி, அந்த ஊரு மேட்டுல நிறுத்தித்தான் பாத்துருவோமேன்னு ஒரு நாளு உக்காந்தேன். நம்ப மாட்டீங்க, முடியலை. தூரத்துலயே ஸ்டாப்பு தெரியுது. கம்ப்யூட்டரு பொம்பளை ஒண்ணு மஞ்சச் சேலை கட்டிக்கிட்டு, பையோட நிக்குது. பிரேக்கை மிதிடான்னு காலுக்குச் சொல்றேன். காலு ஆக்சிலேட்டரை மிதிக்குது. கை போயி ஹாரனை அடிக்குது, மூணு இழுப்பு. தாண்டிப் போயிட்டேன். மறுபடி வந்தேன், மறுபடி தாண்டிட்டேன். ஒருக்கா பிரேக்கு புடிச்சும் வண்டி தள்ளிப் போயி நின்னுது. விடுவனா? ஹைவேயில ரிவர்ஸ்லயே வந்து ஏத்துனேன். அதுக்கு ஒரு அபராதம் போட்டாங்க. போடட்டும்.

அந்தப் பொம்பளை ஏறி உக்காந்துதுங்க. டிக்கெட்டு எடுத்துது, ஜன்னல் பக்கம் உக்காந்துது. கண்ணாடியில பாத்துக்கிட்டே பழனி வரைக்கும் ஓட்டுனேன். ஏனோ தெரியலை, அன்னிக்கு ஹாரன் அடிக்கத் தோணலை.

அப்பறம் தெனமும் அந்த மேட்டுல நிறுத்துனேன். தெனமும் அந்த வெப்சைட்டைத் தொறந்து பாக்கறதும் பழக்கமாப் போச்சு. காலையில சக்கரை பாக்கறதுக்கு முந்தி அதைத்தான் பாக்கறது. எங்க ஊருப் புள்ளி கொஞ்சங் கொஞ்சமா நெறம் மாறி ஒரு நாளு ஆரஞ்சாயிருச்சு. ஒடனே போனைப் போட்டேன்.

"மயிலு, நம்மூரு ஆரஞ்சாயிருச்சு!"

"அப்பிடீங்களா? நான் இப்பப் பழனிக்குப் போயிட்டு இருக்கறேன், அப்பறமாப் பேசறனுங்க."

"பழனிக்கா? யாருகூட?"

"தம்பி வண்டியிலதான்."

சகலை வண்டியிலங்க! கம்ப்யூட்டரு வண்டியில! எனக்கு வந்துது பாருங்க ஆத்தரம். அடுத்த நாளு, நேத்துத்தான், மொத பஸ்ஸுல தாராபுரம் போயிட்டேன்.

போயிப் பாத்தா, கூடத்துல டீவிக்கு முன்னாடி சகலை ஸ்டீயரிங்கோட உக்காந்திருக்கறாரு. அவருக்குப் பின்னாடி பிளாஸ்டிக் சேரு வரிசையாப் போட்டிருக்குது. ஈஸ்வரி ஒண்ணுல. மயிலாத்தா ஒண்ணுல, மடியில வறுத்த கடலையோட. என்னையப் பாத்து ஒரு சேரைத் தட்டிக் காமிச்சா. "உக்காருங்க, இப்பத்தான் எடுக்கறாங்க."

நான் கூப்பிட்டுப் போவ வந்தவன். ஆனா வண்டி எடுக்கறப்ப நிக்கக் கூடாதுங்க. உக்காந்தேன்.

அதை என்னன்னு சொல்றது தம்பி! ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நிறுத்தறாரு. ஏர்ற ஒவ்வொரு பொம்மைக்கும் "வாங்க, பாத்து ஏறுங்க"ன்னு வாயால சொல்றாரு. ஒரு கெழவி கால் மைலுக்கு அந்தப் பக்கம் வருது, அதுக்கு நிறுத்தி வெச்சிருக்கறாரு. எனக்குக் காலெல்லாம் நமநமங்குது. சேருக்கு அடியில கிளச்சு, ஆக்சிலேட்டரு எல்லாம் மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். மயிலாத்தா என்ற முட்டி மேல கையை வெச்சு அமுக்கி, உள்ளங்கையில கொஞ்சம் கடலை குடுத்தா.

கருக்கம்பதி ஸ்டாப்பு தாண்டுனதும் ரோட்டுக்கு எடது பக்கம் ஒரு குளம் வந்துது. பெரிய குளம். கரையில ஆலமரம், தண்ணியில கொக்கு. "எத்தனை நல்லா இருக்குது பாருங்க"ன்னா அவ.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அங்க குளமே கெடையாது. பசங்க இல்லாததைச் சேத்தி வரைஞ்சிருக்கறாங்க"ன்னேன்.

"இருக்குதுங்க. கவருமெண்டு பஸ்ஸுல போறப்ப எத்தனை தடவை பாத்திருக்கறேன்."

"முப்பது வருசம் இதே ரோட்டுல போயிருக்கறேன். எனக்குத் தெரியாத குளமா?"

சகலை வண்டியை ஓரங்கட்டிட்டு ரெண்டு பேரையும் திரும்பிப் பாத்தாரு. அவரு வண்டி ஓட்டறப்பத் திரும்ப மாட்டாரு, அதை ஒத்துக்கோணும். "நாளைக்கு ரெண்டு பேரும் நேர்லயே போயிப் பாத்துட்டு வாங்களே"ன்னாரு. மயிலாத்தா ஒடனே சரின்னுட்டா. குளம் இல்லைன்னா, நேரா எங்க ஊட்டுக்கு வந்து, என்னையாட்ட டிரைவரு இந்த ஜில்லாவுலயே இல்லைன்னு ஒறம்பரைக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லுவாளாமா. குளம் இருந்துதுன்னா, இனிமே அவ எறங்கச் சொல்ற ஸ்டாப்புல எல்லாம் நான் எறங்கோணும், போலாம்னு அவ சொல்ற வரைக்கும் நிக்கோணும்.

அதுக்குத்தான் இப்பப் போறமுங்க. அந்தா, முன்னாடி பொம்பளைங்க சீட்டுல பச்சைச் சேலை தெரியுதுங்களா? அவதான். கல்யாணத்தன்னைக்குப் போன வண்டியை விட்டா, நாங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போறது இதுதான் மொதத் தடவை. நல்லா உக்காந்திருக்கறா பாருங்க, மகாராணியாட்ட.

கருக்கம்பதி தாண்டிருச்சு. சித்தெ தலையைக் குனிங்க தம்பி, எடது பக்கம் பாக்கோணும். பாருங்க, வெறும் பொட்டக்காடு. வெறும் சோளத்தட்டு. நான் சொன்னன்ல? எந்தக் குளமும்...

அட.

தண்ணி இருக்குதுங்க. கொக்குகூட இருக்குது. ஆலமரம், விழுது தரையில ஊனி நிக்குது.

புதுசா வெட்டியிருக்கறாங்க தம்பி! நான் வண்டியை விட்டதுக்கப்பறம் வெட்டுனதாத்தான் இருக்கோணும். மதகுக் கல்லுல பழைய எழுத்தாட்ட என்னமோ தெரியுதுங்கறீங்களா? அது வேற எங்கியாச்சும் இருந்து பழைய கல்லைக் கொண்டாந்து வெச்சிருப்பாங்க. மரத்தைக்கூட இப்பெல்லாம் வேரோட புடுங்கியாந்து நட்டறாங்க, மிசின் இருக்குதுங்க. இந்தக் காலத்துல எதை நம்பறது?

அவ எந்திரிச்சுட்டா. திரும்பிப் பாக்கறா.

கண்டக்டர், விசில் அடிங்க, எறங்கோணும். வர்றேன் புள்ள, வர்றேன். தம்பி, இந்தப் பையைச் சித்தெ எடுத்துக் குடுங்க. எத்தனை நேரம் நிக்க வெப்பாளோ தெரியலை.